கல்லாப்பெட்டிக்குள் இருந்த மஞ்சள்

போகிக்கு முந்தின நாள் அந்தப் பெட்டி வாசலில் கிடந்தது. மிக்ஜாம் புயல் மழையில், 2023 டிசம்பர் முதல் வாரம், வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் இருந்த எல்லாம் மூன்று நாள் ஊறின. தாத்தாவின் கல்லாப்பெட்டியும் அதில் ஒன்று. அடிப்பலகை பிளைவுட், அப்பளம் மாதிரி ஏடு ஏடாக விட்டுப்போயிருந்தது. நான்கு மூலைகளும் வாய் பிளந்திருந்தன. மூடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். "தண்ணியில ஊறிப் போச்சு, போகியோட போகட்டும்" என்று அம்மா எடுத்து வைத்துவிட்டார்.

தூக்கி ஓரமாக நகர்த்தப் போனேன். ஒன்றரை அடி நீளப் பெட்டி, அடிப்பலகையும் இல்லை, ஆனால் கை கனம் தாங்கவில்லை. வீட்டில் எல்லோரும் அதைத் தேக்கு என்றே சொல்லி வந்தோம். தேக்கு இவ்வளவு கனக்காது. தண்ணீர் குடித்த கனமாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் மூலையில் பெயின்ட் கொப்பளித்து உரிந்த இடம் கண்ணில் பட்டது. உள்ளே மஞ்சள். சந்தன மஞ்சளும் இல்லை, பலாப்பலகையின் மஞ்சளும் இல்லை. வெயிலில் காட்டித் திருப்பினால் பட்டுப்புடவையின் ஜரிகை போல ஒரு பக்கம் மின்னி, மறுபக்கம் மங்கியது.

பெட்டியை உள்ளே எடுத்து வந்துவிட்டேன். அடுத்த ஆறு மாதம் அதனோடு நான் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒரு பழைய பெட்டியோ, முக்காலியோ, ஊஞ்சல் பலகையோ வைத்திருப்பவர்கள் அதை இழைக்கும் முன்னால் ஒரு தடவை படித்துவிட்டால் எனக்குச் சந்தோஷம்.

முதல் இரண்டு மாதம் நான் எதுவுமே செய்யவில்லை. உண்மையில் அதுவே பாதி வேலை. ஊறிய மரத்தை வெயிலில் வைத்தால் மேல்தோல் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், பலகை வெடிக்கும். படுக்கையறை மூலையில், தரையில் படாமல் இரண்டு ரீப்பர் கட்டை மேல் தூக்கி வைத்து, மூடியைத் தனியாகக் கழற்றி, காற்று எல்லாப் பக்கமும் போகும்படி விட்டேன். மாசி முடிந்தபோது மூடியின் விரிசல் விரல் நகம் போகும் அளவிலிருந்து தலைமுடி அளவுக்கு வந்திருந்தது. அவசரப்பட்டு ஈரத்திலேயே பட்டி வைத்து அடைத்திருந்தால், மரம் சுருங்கும்போது அந்தப் பட்டியே ஆப்பாகி விரிசலை இன்னும் பெரிதாக்கியிருக்கும்.

இதற்கிடையில் மரம் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதைச் சொன்னவர் மாடி வீட்டு அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷமாகச் சென்னையில் இருக்கிறார். காய்கறிப் பையோடு படியேறப் போனவர், கதவு வழியாகப் பெட்டியைப் பார்த்துவிட்டு நின்றார். உரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"பிள்ளை, இது முதிரையெல்லோ? எங்கட வீட்டு நிலை, கதவு எல்லாம் முதிரைதான். கறையான் கிட்டவும் வராது."

முதிரை. தமிழ்நாட்டில் இதற்குப் பொரசு என்றும் வம்மரை என்றும் பெயர் உண்டு. பட்டுத்துணியின் பளபளப்பு இருப்பதால் ஆங்கிலேயர் வைத்த பெயர் சாட்டின்வுட். தாவரவியல் பெயர் குளோரோசைலான் சுவீடேனியா. குளோரோசைலான் என்றால் கிரேக்கத்தில் மஞ்சள்பச்சை மரம் என்று பொருள். தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் கோரமண்டல் கரைச் செடிகளை எழுதி வைத்த காலத்தில் இதை மகாகனியின் சொந்தம் என்று எண்ணி, சுவீடேனியா என்ற அந்தப் பேரினத்தில் சேர்த்தார். பெயரின் பின்பாதி அந்த நாளின் மிச்சம். உண்மையில் இது எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் இருக்கும் குடும்பம். இலையைக் கசக்கினால் வாசனை வருவது அதனால்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட இலையுதிர்காடுகளில், நம் பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில், மெதுவாக வளரும் மரம்.

அன்ரி சொன்னதை நான் நம்பினேன். இருந்தாலும் கையில் எடை போட்டுப் பார்க்க ஆசை. பெட்டிக்குள் சில்லறைக் காசுக்கான அறைகளைப் பிரிக்கும் தடுப்புப் பலகை ஒன்று உடைந்து கழன்றிருந்தது. 20 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன். அதாவது 80 கன செ.மீ. நன்றாகக் காய்ந்த பிறகு சமையலறைத் தராசில் வைத்தேன்: 77 கிராம். அதே அளவு தேக்கு 50 கிராம் சொச்சம்தான் இருக்கும். ஒரு வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது, ஆனால் முதலை மாதிரி. மேல் விளிம்பு மட்டும் நூல் அளவுக்கு வெளியே தெரிந்தது. கன மீட்டருக்கு 970 கிலோ அளவில் இருக்கும் மரம் இது. தண்ணீருக்கு 1000. கணக்கு ஒத்துப்போனது.

இனி பெயின்ட். தாத்தா வண்ணாரப்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பெட்டிக்கு ஒரு கை பெயின்ட் உண்டு. உரிந்த ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் எண்ணினேன். பிரவுன், பிரவுன், பச்சை, மறுபடி பிரவுன், அடியில் ஒரு செங்காவி. இப்படிப்பட்ட பழைய எனாமலில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தையதை உப்புத்தாள் போட்டு உலர்ந்தபடியே தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் படியும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை நினைத்தே பார்க்கக் கூடாது. சூடான காற்றை ஊதிப் பெயின்டை இளக்கும் ஹீட் கன்னை அதிகச் சூட்டில் காட்டினால் ஈயப் புகை வேறு கிளம்பும்.

மொட்டை மாடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி உட்கார்ந்து, ரப்பர் கையுறையோடு பெயின்ட் ரிமூவர் தடவினேன். கால் மணி நேரத்தில் பெயின்ட் வெந்த பால் ஆடை போலச் சுருண்டது. மழுங்கின பட்டிக் கத்தியால் வழித்து, செய்தித்தாளில் சேர்த்து, பையில் கட்டினேன். மூன்று தடவை. இரும்புக் கத்தியின் மூலையைத் தேய்த்து உருண்டையாக்கிக் கொள்வது முக்கியம். கூர் மூலை ஒரு கோடு போட்டால் அது இந்த மரத்தில் அப்படியே நிற்கும்.

மூடியின் உட்பக்கம் வழித்தபோதுதான் கையை நிறுத்தினேன். செங்காவியின் மேல், ஆணியால் கீறியது போல ஒரு பிள்ளையார் சுழி. அதன் கீழே 'லாபம்'. 'ல' சற்றுப் பெரிது, கடைசி 'ம்' ஓரத்தில் இடமில்லாமல் குறுகியிருந்தது. கீறலின் பள்ளத்தில் குங்குமச் சிவப்பு இன்னும் ஒட்டியிருந்தது. தாத்தா எழுதினதா, அவருக்கு முன்னால் பெட்டியை வைத்திருந்தவர் எழுதினதா, சொல்ல யாரும் இல்லை. அந்த உள்ளங்கை அகல இடத்தில் ரிமூவரும் படக்கூடாது, கத்தியும் படக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சுற்றிலும் மஞ்சள், நடுவில் செங்காவித் திட்டு. பார்க்க ஒட்டுப் போட்டது போலத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அடுத்து ஒரு தப்பு நடந்தது. மூடியின் ஓரம் லேசாக வளைந்திருந்ததால் இழைப்புளி போட்டேன். கூர் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு இழுப்பு அழகாக வந்தது, மூன்றாவது இழுப்பில் கொத்தாகப் பிய்ந்து வந்தது. அரிசி மணி அளவில் ஏழெட்டுக் குழி. திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து இழைத்தேன். அப்போது நல்லா இருந்த பட்டை பிய்ந்தது.

பெட்டி மூடியைத் துணியில் சுற்றிக்கொண்டு சூளையில் ஒரு வயதான ஆசாரியிடம் போனேன். முன்பு எங்கள் வீட்டு ஜன்னல் செய்து கொடுத்தவர். மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, இதுக்குப் போய் எயப்புளி போட்டுக்கினு? இதோட ரேகை பாரு. ஒரு வரி இப்டி சாயுது, பக்கத்து வரி அப்டி சாயுது. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒண்ணு எதிர்ல நிக்கும்."

அப்போதுதான் எனக்கு அந்த மின்னலின் காரணமும் புரிந்தது. முதிரை வளரும்போது இழைகள் சில வருஷம் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு ஏறுகின்றன, அடுத்த சில வருஷம் எதிர்ப்பக்கம். பலகையாக அறுத்தால் அந்த அடுக்குகள் பக்கம் பக்கமாக நாடா நாடாக விழும். ஒரு நாடா வெளிச்சத்தை நம் பக்கம் திருப்புகிறது, அடுத்தது விலக்கிவிடுகிறது. பலகையைத் திருப்பினால் இரண்டும் இடம் மாறுகின்றன. ஜரிகை மாதிரி மின்ன வைப்பதும் இழைப்புளியைப் பிய்க்க வைப்பதும் ஒரே முறுக்குதான்.

ஆசாரி ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தார். பழைய துணியில் சுற்றி மெதுவாக உடைத்து, நேர் விளிம்பு உள்ள சில்லைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து, சற்றுச் சாய்த்து, தன் பக்கமாகச் சுரண்டினார். பொடி வரவில்லை, சுருள் வந்தது. வெங்காயத் தோலை விட மெல்லிசு, ஒளி ஊடுருவும் மஞ்சள் சுருள். சுரண்டின இடம் கண்ணாடி போல ஆனது. என்னையும் செய்யச் சொன்னார். சாய்வு சரியாக இருந்தால் 'ஸ்ஸ்' என்று ஒரே சத்தம். தப்பினால் சத்தம் உடைகிறது. காதால் கேட்டே கையைத் திருத்திக்கொள்ளலாம். பிய்ந்த குழிகள் முழுக்கப் போகும்வரை நான் சுரண்டவில்லை. போக வைக்க வேண்டுமானால் மூடி முழுவதும் ஒரு மில்லி மீட்டர் இறங்க வேண்டும். மூன்று குழி இன்னும் இருக்கிறது.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்றால், இந்த மரம் கடையில் கிடைப்பதில்லை. சைடன்ஹாம்ஸ் சாலை மரக்கடைகளில் ஒரு முழு நாள் அலைந்தேன். பொரசு என்று கேட்டால், பாதிப் பேருக்குப் புரசு என்று காதில் விழுகிறது. புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த புரசு வேறு, அது செம்பூ பூக்கும் பலாசு. மஞ்சள் மரம் என்று கேட்டதும் ஒரு கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பலகை கொண்டுவந்தார். நல்ல வெளிர் மஞ்சள், வழவழப்பு, ரேகையே தெரியாத நெருக்கம். கையில் வாங்கியதும் தெரிந்துவிட்டது, கனம் இல்லை. மஞ்சக்கடம்பு. அதுவும் அருமையான மரம்தான், சீப்பும் அளவுகோலும் கடைந்த மரம். ஆனால் இந்த அளவு நாடா மின்னல் அதில் வராது. இன்னொருவர் பலாவைக் காட்டினார். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாவை மிஞ்சி மரமில்லை. அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்தாலும் நாளாக ஆகத் தேன் நிறமாகி, பிறகு பிரவுனாகிவிடும். முதிரையும் வயதாக ஆகக் கொஞ்சம் அடர்கிறது, ஆனால் பொன்னிலேயே நிற்கிறது.

ஒரு காலத்தில் இதை வண்டிக்கும் ஏருக்கும் வெட்டினார்கள். கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் மகாவலி ஆற்றின் மேல் 1830-களில் முழுக்க முதிரையாலேயே ஒரு பாலம் கட்டினார்கள். 205 அடி, நடுவில் தூணே இல்லாத ஒற்றை வளைவு. எழுபது வருஷத்துக்கு மேல் நின்றது. 18-ம் நூற்றாண்டுக் கடைசியில் இங்கிலாந்தில் மஞ்சள் மேசை நாற்காலி மோகம் வந்தபோது முதலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஒரு மஞ்சள் மரம் போனது, அதுவும் இதே எலுமிச்சைக் குடும்பம். பிறகு நம் பக்கத்து மரமும் இலங்கை மரமும் கப்பல் ஏறின. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஐயுசிஎன் தன் சிவப்புப் பட்டியலில் 1998-ல் முதிரையை 'அழிவாய்ப்புள்ளது' என்ற வகையில் சேர்த்தது. புதிதாக வெட்டின முதிரையை யாராவது வாங்கித் தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். பழைய வீட்டு நிலை, உடைந்த வண்டி இவற்றில் கிடைத்தால் அதைக் காப்பாற்றுவது வேறு விஷயம்.

எனவே பெட்டிக்கு ஒட்டுப் போட மரம் பெட்டியிலேயே எடுத்தேன். உடைந்த அந்த 77 கிராம் தடுப்புதான். பூட்டு இருந்த இடத்தில் யாரோ நெம்பித் திறந்ததில் பறிபோன சதுரத்துக்கு ஒரு துண்டு. மூடி விரிசலின் அடிப்பக்கத்தில், விரிசல் மேலும் ஓடாமல் பிடித்துக்கொள்ள, உடுக்கை வடிவத்தில் இரண்டு துண்டு. நடு இடுப்பு ஒடுங்கி இரு முனையும் அகன்றிருப்பதால் பலகையின் இரு பாதியும் விலக முடியாது. 5 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் உளியால் எடுத்தேன். தேக்கில் அரை மணி வேலை. இதில் ஒரு பள்ளத்துக்கு ஒரு சாயந்திரம் போனது. பத்துத் தட்டுக்கு ஒரு தடவை உளியைக் கல்லில் தீட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுவதற்குப் பதில் நசுக்கும். அடிப்பலகைக்கு மட்டும் பழைய கதவிலிருந்து கிடைத்த தேக்கு. அதைப் பசை போடாமல், சுற்றுப் பலகைகளில் வெட்டிய காடிப் பள்ளத்தில் சும்மா செருகி விட்டேன், மழைக்கும் வெயிலுக்கும் விரிந்து சுருங்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த மரத்தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ரம்பம் போட்ட மறுநாள் என் முன்கை இரண்டிலும் வேர்க்குரு போலச் சிவந்து அரித்தது. அதற்குப் பிறகு முழுக்கைச் சட்டை, முகக்கவசம், வேலை முடிந்ததும் சோப்புக் குளியல். வியர்வையோடு தூள் சேர்ந்தால் அரிப்பு அதிகம், சென்னைப் பங்குனியில் வியர்வைக்குப் பஞ்சமில்லை என்பதால் காலை எட்டு மணிக்குள் அறுப்பு வேலையை முடித்துக்கொண்டேன்.

மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று விரல் கோத்தது போன்ற டவ்டெயில் பூட்டு. அதில் பழைய வச்சிரம் இருந்தது, தேன் நிறப் பிசுக்காக. தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் பசை அது. தண்ணீரில் ஊறினால் இளகும், வெந்நீரில் இன்னும் சீக்கிரம், அதனால்தான் மூன்று நாள் வெள்ளத்தில் மூலை விட்டது. ஃபெவிக்கால் போட்டிருந்தால் விட்டிருக்காது என்று பக்கத்து வீட்டு அண்ணா சொன்னார். நான் யோசித்தது வேறு. மூலை இளகி விட்டதால்தான் பலகை உடையவில்லை. ஊறி உப்பின பலகைக்குப் பூட்டு வழி விட்டது. மூலை விட்டால் ஒட்டலாம், பலகை பிளந்தால் எங்கே போவது? அதனால் மறுபடியும் வச்சிரமே. இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கினேன். கொதித்தால் பிடிப்பு போய்விடும். 60 டிகிரி செல்சியஸ் அளவுச் சூடு போதும். இந்தக் கனமான மரம் பசையின் சூட்டைச் சட்டென்று குடித்துவிடும். பலகைகளைப் பத்து நிமிஷம் வெயிலில் காட்டி, ஒட்டும் முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, பிறகு தடவிக் கோத்தேன். கிளாம்ப் என்னிடம் இரண்டுதான் இருந்தது. சைக்கிள் கடையில் பழைய டியூப் வாங்கி நீளவாக்கில் கீறி, பெட்டியைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டினேன். நான்கு மூலையும் ஒரே இறுக்கமாக வந்தது. மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்தேன்: அரை மில்லி மீட்டர் வித்தியாசம். விட்டுவிட்டேன்.

கீலுக்குப் பித்தளைத் திருகாணி. நேரே திருகினால் இந்த மரத்தில் பித்தளையின் தலை முறிந்துவிடும். துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கி வழி செய்து, பித்தளையில் மெழுகு தேய்த்துக் கடைசியாகப் போட வேண்டும்.

பூச்சுக்கு வெளிர் நிற அரக்கு. அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 100 கிராம் அரக்குச் செதில், ஒரு இரவு கரைந்து, துணியில் வடிகட்டினேன். பனியன் துணிக்குள் பஞ்சு வைத்த பொட்டலத்தால், ஒரே நாளில் நான்கு பூச்சு, இப்படி மூன்று நாள். கடல் காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் அரக்கு பால் பூத்தது போல வெளுத்துவிடும். வெயில் ஏறின பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை மட்டும் தடவினேன். முதல் பூச்சு விழுந்தபோது அதுவரை சுண்ணாம்பு பூசினது போல் இருந்த மஞ்சளுக்குள் வெளிச்சம் இறங்கியது. நாடாக்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்கு வந்து, ரொம்ப நேரம் மூடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டே இருந்தார். "இது மேலயா வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சோம்" என்றார்.

ஆனி மாசம் வேலை முடிந்தது. பெட்டி இப்போது பரணுக்குக் கீழே, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் சுவரில் அடித்த பலகை மேல் இருக்கிறது. ஐப்பசி மழையில் மூடி சற்று இறுகும், சித்திரையில் லேசாகத் தளரும். இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

தடுப்பில் வெட்டியது போக நாலு செ.மீ. துண்டு ஒன்று மிச்சம். அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, சில்லறை அறைக்குள் வைத்துவிட்டேன். கூடவே ஒரு சீட்டு: "முதிரை. இந்தப் பெட்டியின் சொந்த மரம். ஒட்டுப் போட மட்டும். மூலைகள் வச்சிரம், வெந்நீரில் கழலும்."